அறுபத்தெட்டாம் நாள் வீடியோ

என் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "பாவம், வாயில்லாப் பூச்சி" என்பார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயில்லாப் பூச்சியா அவள்? வாயைத் திறக்காமலே என்னை உலகம் முழுக்க நாறடித்தவள். இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிவிடுவார்கள், இல்லையென்றால் ஒரேயடியாக ராட்சசியாக்கிவிடுவார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்து நான்கு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். தரைக்குக் கீழே இருக்கிற அந்த ஹாலில் ஒரு ராட்சத ரோலர் ஓடும். இரண்டு பெண்கள் ஈரப் படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் அது கொதிக்கக் கொதிக்கக் காய்ந்து வரும். அதைப் பிடிப்பவர்களில் ஒருத்தி அக்கா. பிடி, உதறு, மடி, வை. நாலே எண்ணிக்கை. ரோலர் நிற்காது. பிடிக்கத் தவறினால் விரிப்பு தரையில் விழும், விழுந்தால் மறுபடி அழுக்குத்துணி. திருப்பி அனுப்ப முடியாது என்பதுதான் அந்த வேலையின் ஒரே சட்டம். சூட்டில் அவளுடைய விரல் நுனியெல்லாம் காய்ந்து கெட்டியாகிவிட்டது. காதும் கொஞ்சம் மந்தம். அந்த இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பேசுவதையே குறைத்துக்கொண்டாள். யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "வரேன்."

என் வேலை அதற்கு நேர் எதிர். பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கவுண்டர். காலையிலிருந்து மாலை வரை எண்ணைச் சொல்லிக் கத்துவதுதான் பிழைப்பு. "இருபத்தி மூணு! டோக்கன் இருபத்தி மூணு!" மூன்று தடவை கூப்பிடுவேன். வரவில்லையென்றால் அடுத்த ஆள். ஆனால் முதல் தடவையிலேயே எழுந்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வரும். கூப்பிட்டால் வரவேண்டும் என்பது என் கொள்கை.

பதினோரு வருடம் முன்பு அப்பா போனதும் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி வீடு. நான், என் வீட்டுக்காரர், மகள். அக்காவுக்குச் சமையலறையை ஒட்டிய சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, கைப்பிடியில்லாத பச்சை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உடைந்து போய் வருடங்களாகிறது. சாத்தினால் அதுவாகவே ஒரு சாண் திறந்துகொள்ளும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கிற லிஃப்ட் கதவையெல்லாம் மூட வைக்கிற மனிதருக்கு வீட்டில் ஒரு தாழ்ப்பாள் போட நேரமில்லை.

அந்த அறைக்குள் யுகுலேலே வந்த கதை இது. குழந்தைகள் வார்டின் விளையாட்டு அறையைக் காலி செய்தபோது, உடைந்த சாமான்களை எவனோ அழுக்குத்துணி வண்டியில் போட்டு அனுப்பிவிட்டான். பொம்மைகளுக்கு நடுவே விரிசல் விட்ட ஒரு சின்ன மரப்பெட்டியும் நாலு தந்தியும். கிடார் குட்டி போட்ட மாதிரி இருந்தது. அக்கா வார்டு நர்ஸிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "எங்களுக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்றிருக்கிறார்கள். விரிசல்மேல் துணிமூட்டைக்கு ஒட்டும் டேப்பை ஒட்டி, தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது எதுக்கு இப்போ?" என்றேன்.

"சும்மாதான்."

"இந்த வயசுல டொய்ங் டொய்ங்னு தட்டிக்கிட்டு உட்காரப் போறியா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அக்கா உள்ளே போய்விட்டாள். எனக்கு அதுவே எரிச்சல். சண்டை போட்டாலாவது ஒரு ஆளோடு பேசிய திருப்தி இருக்கும்.

என் மகள்தான் அவளுக்கு ஒரு குழுவைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற யுகுலேலே பைத்தியங்கள் நானூறு ஐந்நூறு பேர் இணையத்தில் ஒன்று சேர்ந்து நடத்தும் நூறு நாள் சவால். எப்போதும் தொப்பி போட்டிருக்கும் ஒரு ஆள் வாரத்துக்கு ஒரு பாடம் சொல்லித் தருவார். எல்லோரும் தினமும் ஒரு நிமிடம் வாசித்து வீடியோ போட வேண்டும். ஒரே எடுப்பு. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. ஒரு நாள் தவறினாலும், போட்ட ஒன்றை அழித்தாலும் கணக்கு முறிந்துவிடும். மறுபடி ஒன்றாம் நாள்.

இந்த "ஒரே எடுப்பு" விஷயத்தில்தான் அக்கா கோட்டைவிட்டாள். மற்றவர்களெல்லாம் பத்துத் தடவை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்றைப் பொறுக்கிப் போடுவார்கள். தொப்பிக்காரர் உட்பட அப்படித்தான். வெட்டுவதுதான் தப்பு, திரும்ப எடுப்பது தப்பில்லை. இவளோ ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பொத்தானை அழுத்தலாம், அழுத்திவிட்டால் அந்தப் பாட்டு முடியும்வரை நிறுத்தவே கூடாது என்று புரிந்துகொண்டாள். ரோலரில் வரும் துணி மாதிரி. வந்தது வந்ததுதான்.

அதனால் என்ன ஆனது? மற்றவர்கள் வீடியோ ஒரு நிமிடம். இவளுடையது நாலு நிமிடம், ஏழு நிமிடம், ஒரு நாள் பதினொரு நிமிடம். ஏனென்றால் சரியாக ஆறு மணிக்கு அவள் உட்காருவாள், நான் ஐந்தரைக்கு வீடு வந்து சேர்ந்திருப்பேன். "அக்கா! இந்த மூடி திறக்க மாட்டேங்குது!" "வரேன்." "அக்கா! மெஷின் நின்னுடுச்சு, துணியை எடு!" "வரேன்." அவள் யுகுலேலேயை நாற்காலியில் வைத்துவிட்டு வருவாள். செல்போன் அலமாரியில் சாய்ந்தபடி அந்தப் பச்சை நாற்காலியையே எடுத்துக்கொண்டிருக்கும். இவள் திரும்பிப் போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அதை அப்படியே குழுவில் போடுவாள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் செல்போனை மூன்றாவது மாடியிலிருந்து விட்டெறிந்திருப்பேன்.

எனக்குத் தெரிய வந்தது எப்படி என்றால், ஒரு வெள்ளிக்கிழமை கிளினிக்கில் கூட்டம். ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஹாலில் என் குரல் கேட்கிறது. "அக்கா! என் கண்ணாடி எங்க?" தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தால் கன்னம் வீங்கிய ஒரு பெண் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் என்று சட்டையில் மாட்டிய அட்டையிலிருந்து தெரிந்தது.

கவுண்டரை விட்டு எழுந்து போனேன். "என்னது அது?"

"எங்க ஆஸ்பத்திரி சலவைக்கார அம்மா ஒருத்தங்க வாசிக்கிறாங்க. நூறு நாள் சவாலாம், இது நேத்து போட்ட எழுபத்தெட்டாம் நாள். எங்க வார்டுல எல்லாரும் பார்க்கிறோம்." வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாசிக்கிறதைக்கூட விடுங்க. பின்னாடி ஒரு அலாரம் கத்தும் பாருங்க. அதைக் கேட்கவே ஒரு கூட்டம் இருக்கு."

"அலாரமா?"

"அந்த வீட்டுல ஒரு பொம்பளை. ஆறு மணி ஆனா போதும், அக்கா அக்கான்னு ஒரே கத்தல். குழுவுல அவளுக்கு அலாரம்னு பேர் வெச்சிருக்காங்க."

நான் இடத்துக்கு வந்து, "பத்து! டோக்கன் பத்து!" என்றேன். அந்த நர்ஸ் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அன்று முழுக்க நான் நம்பர்களை எழுதிக் காட்டித்தான் கூப்பிட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

அனுமதி வாங்கிக்கொண்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தேன். "உங்க பெரியம்மா என்ன கூத்து பண்ணி வெச்சிருக்கா, காட்டு."

"உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றாள் அவள். வியப்புகூட இல்லை அந்தப் பெண்ணுக்கு. "எல்லாம் திறந்துதான் இருக்கு, யார் வேணா பார்க்கலாம். நீயே பாரு."

உட்கார்ந்து பார்த்தேன். நான் அவ்வளவு ஒன்றும் கூப்பிட்டிருக்க மாட்டேன், இரண்டு மூன்று நாள் இருக்கும், இவர்கள் பெரிதுபடுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முதல் வாரம் ஒரே ஒரு கார்ட். விரலால் தந்தியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் அழுத்திப் பிடிப்பதற்கு அப்படிப் பேராம். அவள் அதைப் பிடிப்பாள், நான் கூப்பிடுவேன். இரண்டாம் வாரம் இரண்டு கார்ட். நான் கூப்பிடுவேன். மூடி, துணி, சாவி, கண்ணாடி. கண்ணாடி என் தலைமேலேயே இருந்த நாளும் உண்டு, அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஐந்தாம் வாரம் தந்தியை மீட்டும் வலது கை அவளுக்கு அருமையாகப் படிந்துவிட்டது. பிடி, உதறு, மடி, வை என்று அதே நாலு எண்ணிக்கை. விரல் வலிக்கிறது என்று மற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது இவளுக்கு வலியே இல்லை. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, ஏதோ யாரையோ ஜெயிக்கப் போகிறவள் மாதிரி. அப்போது பார்த்து என் குரல் வரும். "அக்கா!" அந்த முகம் அணையும். "வரேன்." பிறகு நாற்காலி. வெறும் நாற்காலி. எவ்வளவு நேரம் என்று ஓரத்தில் நிமிடம் ஓடும்.

கீழே எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதியிருந்தார்கள். மகள் படித்துச் சொன்னாள். "இன்னைக்கு அலாரம் மூணு தடவ." "நாற்காலி இன்னைக்கு ஆறு நிமிஷம் நல்லா வாசிச்சுது." "அலாரத்துக்கு லீவே கிடையாதா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத பயல்களுக்கு என் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? எட்டு மணி நேரம் கத்திவிட்டு வருகிறவளுக்குத் தொண்டையில் மிச்சம் இருப்பதே ஆச்சரியம் என்று யாருக்காவது தெரியுமா?

"அறுபத்தெட்டைப் பார்த்துட்டியா?" என்றாள் மகள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அறுபத்தெட்டைப் பார்த்தேன். அன்று மழை வருகிற மாதிரி இருந்தது. "அக்கா! மொட்டை மாடியில துணி!" என்று கத்தியிருக்கிறேன். அவள் மாடிக்குப் போகிறாள். நாற்காலி. ஒரு சாண் திறந்த கதவு வழியாகச் சமையலறையில் நானும் என் வீட்டுக்காரரும் பேசுவது தெளிவாகக் கேட்கிறது.

"அந்த ரூமைப் பொண்ணுக்குக் குடுத்துடலாம். படிக்கிற புள்ளை. அக்காவுக்கு ஹால்ல கட்டிலைப் போட்டுடலாம்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

"என்ன கேட்கிறது? புருஷனா, புள்ளையா, தனி ரூம் எதுக்கு? எங்க போட்டாலும் கிடப்பா. போக இடம் ஏது அவளுக்கு?"

"மெதுவா பேசு. காதுல விழப் போகுது."

"விழுந்தா விழட்டும். அவ காதுதான் மெஷின்லயே போயிடுச்சே." அதற்கப்புறம் ஒரு சிரிப்பு. என் சிரிப்பு.

பிறகு அக்கா வருகிறாள். தலையில் நாலு சொட்டு மழை. யுகுலேலேயை எடுத்து மடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடிக்கிறாள். கீழே இருநூறுக்கு மேல் பேர் எழுதியிருந்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு பேக்கரிக்காரர், எங்கேயோ குளிர்தேசத்தில் ரொட்டி சுடுகிறவராம், நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் எல்லோருக்கும் புரியும்படி மொழிபெயர்த்துப் போட்டிருந்தார். புண்ணியவான். அவர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அவருடைய அடுப்பிலேயே அவரைத் தள்ளியிருப்பேன்.

எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வெட்கம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்காவின் அறைக்குள் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தந்தியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அறுபத்தெட்டை அழி."

அவள் எதை என்று கேட்கவில்லை. "அழிச்சா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பியேன். குடியா முழுகிப் போயிடும்?"

"எழுபத்தெட்டு நாள் ஆச்சு."

"என் மானம் கப்பல் ஏறுது, உனக்கு நாள் கணக்குதான் பெருசா? இவர் வீட்டு ஆளுங்க யாராவது பார்த்தா என்ன ஆகும்? உன்னை வெச்சுக் காப்பாத்தினதுக்கு இதான் கைம்மாறா? நீ அறியாம போட்டிருப்ப, சரி, இப்பதான் தெரிஞ்சுடுச்சே, அழிச்சுத் தொலை."

அக்கா யுகுலேலேயைக் கட்டிலில் வைத்தாள். தலையணை உறையைக் கழற்றினாள். பிடித்தாள், உதறினாள், மடித்தாள், வைத்தாள். மறுபடி எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளும் கோபத்தில் இருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அறியாம போட்டது?" என்றாள். "போடறதுக்கு முன்னாடி தினமும் முழுசா கேட்பேன். எந்த இடத்துல விரல் தப்புச்சுன்னு பார்க்கணும்ல. காதுல மாட்டிக்கிட்டு, சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேட்பேன். அன்னைக்கும் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். அதுக்கப்புறம்தான் போட்டேன்."

"தெரிஞ்சே போட்டியா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஊர் உலகமெல்லாம் என்னைக் காறித் துப்பணும்னா?"

"நீதானே எதுக்கெடுத்தாலும் நாலு பேர் நாலு பேர்ங்கிற. நான் சொன்னா உனக்குக் காதுல ஏறாது. நாலு பேர் சொன்னாத்தான் ஏறும்." இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். "ரூமைக் காலி பண்ணித் தரேன். ஞாயித்துக்கிழமை போறேன்."

"எங்க போவ?"

"போக இடம் ஏதுன்னு கேட்டல்ல, அதை நானும் யோசிச்சேன். மறுநாளே ஆபீஸ்ல போய்க் கேட்டேன். ஸ்டாஃப் ஹாஸ்டல்ல ஒரு ரூம் இருக்காம். இருபத்தெட்டு வருஷமா இருந்திருக்கு. கேட்டாக் குடுத்திருப்பாங்களாம். நான் கேட்கவே இல்லை."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகமில்லை. நன்றி கெட்டவள் என்றேன். இந்த வயதில் இதெல்லாம் உனக்குத் தேவையா என்றேன். போ, போய்த் தொலை, எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கிறாய் பார்க்கலாம் என்றேன். அக்கா செல்போனை எடுத்து அலமாரியில் சாய்த்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோ. ஆறு மணி ஆயிடுச்சு."

பொத்தானை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தச் சின்னக் கண்ணாடிக் கண் என்னையும் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் என் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. நான் வெளியே போகும் வரை அவள் முதல் தந்தியைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி, ஒரு பை, யுகுலேலே. அவ்வளவுதான் அவள் சாமான். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பிப் பார்க்கவில்லை. மகள்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வந்ததும் சொன்னாள், "எனக்கு அந்த ரூம் வேண்டாம்மா." அவளுக்காகத்தானே எல்லாம் பேசினேன் என்று அவளையும் ஒரு பாட்டம் திட்டினேன்.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அந்த அறைக்குத் தாழ்ப்பாள் போட்டார். புதுத் தாழ்ப்பாள், பளபளவென்று. பதினோரு வருடமாக வராத கை இப்போது எதற்கு வந்தது? "யாருக்கு இது?" என்று கேட்டேன். அவர் கதவை இரண்டு தடவை சாத்தித் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று அவரோடு நான் சாப்பிடவில்லை.

வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. மூடி திறக்கவில்லையென்றால், "அக்கா!" மழை வந்தால், "அக்கா!" கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வரும். அம்மா செத்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. குளியலறையிலிருந்து கூப்பிட்டால் வருவாள். தூக்கத்தில் கூப்பிட்டால் வருவாள். பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியிலிருந்து திரும்பி வருவாள். கூப்பிட்டதும் வந்து வந்து என்னைக் கெடுத்ததே அவள்தான் என்று அவள்மேலேயே பழியைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கோபம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அவள் என்னை எதற்காவது கூப்பிட்டிருக்கிறாளா என்று யோசித்தேன். ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. அதற்கும் கோபம்தான் வந்தது. இந்தத் தடவை யார்மேல் என்று எனக்கே நன்றாகத் தெரிந்தது.

தினமும் ஆறரைக்கு அவள் வீடியோவைப் பார்த்தேன். மகளுக்குத் தெரியாமல்தான். ஹாஸ்டல் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாசித்தாள். கட்டில் மெத்தை அமுங்குவதால் கருவி மடியில் நழுவுகிறது, அவள் முழங்காலை உயர்த்தி உயர்த்திச் சரிசெய்துகொள்கிறாள். கடைசி இரண்டு வாரத்துக்குத் தொப்பிக்காரர் ஒரு சின்ன மெட்டு கொடுத்திருந்தார். அதில் ஈ என்று ஒரு கார்ட் வரும். மூன்று விரலையும் ஒரே இடத்தில் நெருக்கிப் பிடிக்க வேண்டும். குழுவில் எல்லோருக்கும் அது எமன். அக்காவுக்கும் தினமும் அந்த இடத்தில் தந்தி செத்த சத்தம் போட்டது. கருவி நழுவாமல் இருந்தால் பிடித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நூறாவது நாள் வெள்ளிக்கிழமை. கிளினிக்கிலிருந்து நாலரைக்கே கிளம்பி வீட்டுக்கு வந்து, அந்தப் பச்சை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நடத்துனர் நாற்காலியை ஏற்றக் கூடாது என்றான். "நான் இதுலயே உட்கார்ந்துக்கிட்டா உன் பஸ்ஸுக்கே ஒரு சீட் மிச்சம், பேசாம இரு" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் போகிற எரிச்சல் தலைக்கேறியிருந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டு, "இதை விட்டுட்டு வந்துட்ட" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஹாஸ்டலில் நீளமான நடைபாதை, வரிசையாகக் கதவுகள். அக்காவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். கையில் நாற்காலி கனத்ததாலோ, பழக்கதோஷமோ, கிளினிக் குரலிலேயே கூப்பிட்டேன்.

"அக்கா! கதவைத் திற!"

உள்ளே வாசிக்கிற சத்தம். மணி ஆறைத் தாண்டியிருந்தது. நான் காத்திருந்தேன், "வரேன்" என்று கேட்கும் என்று. கேட்கவில்லை. வாசிப்பும் நிற்கவில்லை. நாலு எண்ணிக்கை, அப்புறம் இன்னொரு நாலு. முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். நான் கூப்பிட்டு அவள் எழுந்து வராமல் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு அப்படியே நின்றேன். எதிர் அறைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பச்சை நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நாலு நிமிடம், ஏழு நிமிடமெல்லாம் இதே நாற்காலி உட்கார்ந்திருக்கிறது. ஈ கார்ட் வரும் இடம் வந்தபோது என் கையே தானாக இறுகியது. அது முழுசாகச் சுத்தமாக வரவில்லை. ஒரு தந்தி கொஞ்சம் முனகியது. ஆனால் அவள் நிற்காமல் தாண்டிப் போய் முடித்தாள்.

கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"ஒரு தடவதான் கூப்பிட்டேன்" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள். "வாசிச்சிட்டு இருந்தேன்."

நான் எழுந்து நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அவள் அதில் உட்கார்ந்து, செல்போனை எடுத்தாள். காதில் மாட்டிக்கொள்ளாமல் சத்தமாகவே போட்டாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். வாசிப்பு ஆரம்பித்தது. இருபத்து மூன்றாவது நொடியில் என் குரல் வந்தது, கதவுக்கு வெளியிலிருந்து, கரகரவென்று, அதிகாரமாக. திரையில் அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கடைசிவரை இருவரும் கேட்டோம்.

முடிந்ததும் அக்கா விரலைப் பொத்தானுக்கு மேலே நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்படியே போடவா?"

"போடு" என்றேன்.